மேடேறும் மிதிவண்டி: டெவன் கிராமச் சாலைகளின் வரலாறு

இங்கிலாந்தின் தென்மேற்கில், வடக்கிலும் தெற்கிலும் கடற்கரை கொண்ட டெவன் கவுண்டியில் சமநிலம் குறைவு. வடபுறத்து எக்ஸ்மூர், அதற்குத் தெற்கே டார்ட்மூர் என்னும் இரு மேட்டுநிலங்களிலிருந்து இறங்கும் ஆறுகளும் ஓடைகளும் அந்நிலத்தைக் குன்றும் பள்ளமுமாக அறுத்திருக்கின்றன. அங்குள்ள ஏறத்தாழ 12,800 கிலோமீட்டர் சாலைகளில் பெரும்பகுதி, ‘லேன்’ என்று வழங்கும் குறுகிய கிராமச் சாலைகளே. ஒரு கார் போகும் அகலம், இருபுறமும் ஆள் உயரத்துக்கு எழும்பிய மண்கரை, சற்றுத் தொலைவில் ஒரு வளைவு, அதைக் கடந்ததும் ஓர் ஏற்றம் என்பதே அவற்றின் பொது அமைப்பு. மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டிகளில் அவசரமின்றி ஊர் சுற்றுவோர் இன்று இச்சாலைகளை நாடி வருகின்றனர். இது அண்மைக் காலப் பொழுதுபோக்காகத் தோன்றினாலும், இதற்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு உண்டு. இச்சாலைகளுக்கு வந்த சக்கர வாகனங்கள் ஒவ்வொன்றும் தனக்கேற்பச் சாலையை மாற்றும்படி கேட்டன. மேட்டைத் தணிக்கவும் வளைவை நிமிர்த்தவும் கேட்காமல் உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொண்டது மின்மிதிவண்டியே.

டெவனின் கிராமச் சாலைகள் எந்தப் பொறியாளரும் வரைந்து அமைத்தவை அல்ல. தனித்தனியே சிதறிக் கிடந்த பண்ணைகளுக்கும், அவற்றின் தேவாலயத்துக்கும், ஆலைக்கும், சந்தைக்கும் இடையே மனிதரும் மாடும் குதிரையும் நடந்து நடந்து பதிந்த தடங்களே நாளடைவில் சாலைகளாயின. வயல் எல்லைகளைக் குறிக்கவும் கால்நடைகளைத் தடுக்கவும் மண்ணையும் கல்லையும் குவித்துக் கரை எழுப்பி, அதன்மேல் ஹேசல், ஹாதார்ன் போன்ற மரங்களை வேலியாக வளர்ப்பது அவ்வட்டார வழக்கம். டெவனில் இத்தகைய வேலிகளின் மொத்த நீளம் சுமார் 53,000 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இரு வயல்களின் கரைகளுக்கு நடுவே எஞ்சிய இடமே சாலையாக நின்றதால், வயலின் மூலை திரும்பும் இடத்தில் சாலையும் திரும்புகிறது. டெவனில் பிறந்த வரலாற்றறிஞர் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் 1955இல் வெளியிட்ட ‘இங்கிலாந்து நிலக்காட்சியின் உருவாக்கம்’ என்னும் பொருள்படும் நூல், இத்தகைய வேலிகளையும் தடங்களையும் ஏட்டு ஆவணங்களுக்கு நிகரான வரலாற்றுச் சான்றுகளாக வாசிக்கும் முறையை அந்நாட்டில் பரப்பியது.

மென்மையான பாறை உள்ள இடங்களில் இத்தடங்கள் மேலும் ஒரு மாற்றத்துக்கு உள்ளாயின. குளம்பும் சக்கரமும் மண்ணைப் பொடியாக்க, மழைநீர் அப்பொடியை அரித்துக்கொண்டு போக, நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சாலை சுற்றியுள்ள வயல்களின் மட்டத்துக்குக் கீழே இறங்கியது. ‘ஹாலோவே’ எனப்படும் இந்தத் தாழ்ந்த சாலைகள் டெவன், டார்செட், ஹாம்ப்ஷயர், சசெக்ஸ் ஆகிய கவுண்டிகளில் மிகுதி. ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார், அவ்வூரின் இயற்கை வரலாறாக 1789இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள சாலைகள் வயல்மட்டத்திலிருந்து 16 முதல் 18 அடி வரை தாழ்ந்துவிட்டதைப் பதிவு செய்துள்ளார். அவ்வளவு ஆழம் ஒரு தலைமுறையில் ஏற்படக்கூடியதன்று.

இச்சாலைகளின் செங்குத்துக்கும் காரணம் உண்டு. பொதிக்குதிரை, அதாவது முதுகின் இருபுறமும் சுமார் 100 கிலோ சரக்கைத் தாங்கி நடக்கும் குதிரை, நான்கடி போனால் ஓரடி உயரும் சரிவில்கூட ஏறிவிடும். ஆகவே குன்றைச் சுற்றிச் செல்வதைவிட நேரே ஏறி இறங்குவதே அக்காலத்தில் சிக்கனமாக இருந்தது. 1698இல் குதிரையில் டெவனைக் கடந்து கார்ன்வால் வரை சென்ற சீலியா ஃபயன்ஸ் என்னும் பெண்மணி, அப்பகுதியின் சாலைகள் எவ்வளவு இடுக்கமானவை என்பதையும், அங்கே வண்டிகளுக்குப் பதிலாகக் குதிரைகளின் முதுகிலேயே சரக்குகள் ஏற்றிச் செல்லப்பட்டதையும் தம் பயணக் குறிப்புகளில் எழுதி வைத்தார். டெவனின் உட்பகுதிகளில் சக்கர வண்டிகள் பரவலானது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

சாலைகளைப் பேணும் பொறுப்பை 1555இல் இயற்றப்பட்ட சட்டம் ‘பாரிஷ்’ என்னும் தேவாலய ஊர் வட்டங்களிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு வட்டத்தாரும் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியின்றிச் சாலை வேலை செய்ய வேண்டும் என்பது அதன் விதி. அந்த நான்கு நாள் விரைவிலேயே ஆறாக உயர்த்தப்பட்டது, முறை முழுவதும் 1835இல்தான் ஒழிக்கப்பட்டது. தங்கள் ஊரைத் தாண்டிச் செல்லும் அயலாருக்காக மேடுகளைத் தணிக்க எந்த ஊராருக்கும் ஆர்வம் இருக்கவில்லை. 1663இல் தொடங்கிய சுங்கச் சாலை முறையில், அறங்காவலர் குழுக்கள் பயணிகளிடம் கட்டணம் வாங்கி முதன்மைச் சாலைகளைச் சீரமைத்தன. டெவனில் இக்குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தபால் வண்டிகளுக்காக ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிச் சரிவு குறைந்த புதிய சாலைகளை அமைத்தன. அதன்பின் போக்குவரத்து அப்பக்கம் திரும்ப, பழைய குன்றுப்பாதைகள் கைவிடப்பட்டன; கைவிடப்பட்டதாலேயே உருக்குலையாமல் தப்பின. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலோ, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே பொதுநிலங்கள் தனியுடைமையாகப் பங்கிடப்பட்டபோது, பழைய தடங்கள் பல அழிக்கப்பட்டு, அளவுகோல் பிடித்தாற்போன்ற நேரான அகலச் சாலைகள் வரையப்பட்டன.

இந்த மறக்கப்பட்ட சாலைகளைப் பிற ஊரார் தேடி வரத் தொடங்கியது மிதிவண்டியின் காலத்தில்தான். 1885இல் கவென்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ மிதிவண்டி, ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்டு, இன்றைய மிதிவண்டியின் வடிவத்தை நிலைநிறுத்தியது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர் கரடுமுரடான பாதைகளின் அதிர்ச்சியைத் தணித்தது. 1878இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ‘சைக்ளிஸ்ட்ஸ் டூரிங் கிளப்’ என்று பெயர் மாறிய பயணிகள் சங்கம், இறக்கம் மிகுந்த குன்றுகளின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது. அக்கால மிதிவண்டிகளின் தடுப்புக்கருவிகள் வலுவற்றவையாக இருந்தமையால் அப்பலகைகள் உயிர் காக்கும் பணியைச் செய்தன. நிலத்தின் உயரத்தை வண்ண அடுக்குகளால் காட்டும் பார்த்தலமியூ நிறுவனத்தின் வரைபடங்களும், ஒவ்வொரு சாலையின் ஏற்ற இறக்கத்தையும் பக்கவாட்டுக் கோடாக வரைந்து காட்டிய ஹாரி இங்கிலிஸின் கையேடுகளும் மிதிவண்டிக்காரர்களால் விரும்பி வாங்கப்பட்டன. குன்றுகளின் உயரத்தைப் பொதுமக்கள் இத்தனை நுணுக்கமாக அறிய விரும்பியது அதுவே முதல் முறை எனலாம்.

அதே மிதிவண்டிக்காரர்களே இச்சாலைகளில் பெரும் மாற்றத்துக்கும் வழி திறந்தனர். 1886இல் மிதிவண்டிச் சங்கங்கள் இணைந்து சாலை மேம்பாட்டுக் கழகத்தை நிறுவின. அக்கழகத்தில் உழைத்த மிதிவண்டி ஆர்வலர் வில்லியம் ரீஸ் ஜெஃப்ரீஸ், 1910இல் அரசின் சாலை வாரியத்துக்குச் செயலாளரானார். புழுதியற்ற தார்ச்சாலை வேண்டும் என்று மிதிவண்டிக்காரர்கள் எழுப்பிய குரலின் பயனை மோட்டார் கார்களே மிகுதியாக அனுபவித்தன. தார் பூசப்பட்ட கிராமச் சாலைகளுக்குள் கார்கள் நுழைந்தன. எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்கி வழிவிட ஆங்காங்கே கரைகள் வெட்டப்பட்டன. ஆயினும் டெவனின் வளைவுகளும் சரிவுகளும் பெரும்பாலும் பழையபடியே நின்றன.

அச்சரிவுகள் மிதிவண்டிக்கு எவ்வளவு கடுமையானவை என்பதை ஓர் எளிய கணக்கு விளக்கும். வண்டியும் ஆளுமாக 100 கிலோ எடையை, ஐந்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றுவதற்குச் சுமார் 270 வாட் ஆற்றல் வேண்டும். பயிற்சியில்லாத ஒருவர் தொடர்ந்து வெளிப்படுத்தக்கூடியது 100 வாட்டை ஒட்டியதே. அதைக்கொண்டு அச்சரிவில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூட முன்னேற இயலாது, அவ்வளவு மெதுவாகச் செல்லும் வண்டி நிமிர்ந்தும் நில்லாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டிங்ஹாமிலிருந்து வெளிவந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் கியர், மிதிப்பதற்கு வேண்டிய விசையைக் குறைத்ததே அன்றி, உடலின் ஆற்றலைக் கூட்டவில்லை. எனவே வலுவுள்ள இளைஞர்களைத் தவிர ஏனையோர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே மேடேறினர். முதியோரும் நோயுற்றோரும் இச்சாலைகளை மிதிவண்டிக்கு உரியவையாகக் கருதவே இல்லை.

1949இல் பிரிட்டனில் மிதிவண்டிகள் ஓடிய மொத்தத் தொலைவு ஏறத்தாழ 2,360 கோடி கிலோமீட்டர். கார்கள் பெருகியதால் 1973இல் அது சுமார் 370 கோடியாகச் சரிந்தது. 1977இல் பிரிஸ்டலில் தோன்றிப் பின்னர் ‘சஸ்ட்ரான்ஸ்’ என்று அறியப்பட்ட அமைப்பு, கைவிடப்பட்ட ரயில் தடங்களையும் அமைதியான கிராமச் சாலைகளையும் இணைத்துத் தேசிய மிதிவண்டிப் பாதைகளை உருவாக்கியது. வடகரையின் இல்ஃப்ராகூம் நகரிலிருந்து தென்கரையின் பிளிமத் வரை டெவனைக் குறுக்காகக் கடக்கும் 27ஆம் எண் பாதை அவற்றுள் ஒன்று. ரயில் தடங்கள் மேடுகளைத் தவிர்த்துப் போடப்பட்டவை என்பதால் அவற்றில் செல்வது எளிது. அவற்றை விட்டுக் கிராமங்களுக்குள் திரும்பியதும் பழைய ஏற்றங்கள் மறுபடியும் குறுக்கே நின்றன.

மிதிவண்டியில் மின்மோட்டாரைப் பொருத்தும் எண்ணம் புதியதன்று. 1895இலேயே அமெரிக்காவின் ஆக்டன் போல்டன் பின்சக்கர அச்சில் மோட்டார் அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தடையாக இருந்தது மின்கலத்தின் எடைதான். பிரிட்டன் 1983இல் வகுத்த விதிகள், மிதித்தும் ஓட்டக்கூடிய மின்வண்டிகளை உரிமமின்றி ஓட்ட அனுமதித்தன. இருசக்கர வண்டிக்கு 200 வாட் மோட்டாரும் மணிக்கு 15 மைல் வேகமும் உச்ச வரம்புகள். அவ்விதிகளை நம்பி 1985 ஜனவரியில் கிளைவ் சின்க்ளேர் வெளியிட்ட சி5 என்னும் மூன்று சக்கர வண்டி, ஈய அமிலக் கலத்தைச் சுமந்து மேடுகளில் திணறியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1993இல் யமஹா நிறுவனம் அறிமுகப்படுத்திய வண்டியில், ஓட்டுபவர் பெடலை எவ்வளவு அழுத்துகிறார் என்பதை ஓர் உணரி அளந்து, அதற்கேற்ற உதவியை மட்டும் மோட்டார் வழங்கியது. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றது. 1991 முதல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலங்கள் இம்முறைக்கு உயிரூட்டின. 500 வாட்-மணி மின்சாரத்தைச் சேமிக்க ஈய அமிலக் கலமாயின் பதினைந்து கிலோ அளவுக்கு எடை வேண்டும். லித்தியம் கலத்துக்கு மூன்று கிலோ போதும். 100 கிலோ எடையை மொத்தம் 1,000 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 270 வாட்-மணியே தேவை. ஓட்டுபவர் அதில் ஒரு பங்கைத் தாமே தருவதால், டெவன் குன்றுகளில் ஒரு நாள் முழுதும் சுற்ற ஒரு கலம் போதுமானது. 2015இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் விதிகள் மோட்டாரின் வரம்பை 250 வாட்டாக உயர்த்தி, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும் என்று வகுத்தன. பதினான்கு வயது நிரம்பிய எவரும் உரிமமும் காப்பீடும் இன்றி இவ்வண்டியை ஓட்டலாம்.

முன்கூறிய ஐந்தடிக்கு ஓரடி சரிவில், ஆளின் 100 வாட்டும் மோட்டாரின் 250 வாட்டும் சேர்ந்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குமேல் நிலையாக ஏற முடிகிறது. இது மனிதர் விரைந்து நடக்கும் வேகம். பொதிக்குதிரைக்கும் அதுவே அளவு. எந்த வேகத்தில் நடந்தவர்களால் இச்சாலைகள் உருவாயினவோ, அந்த வேகத்துக்கு மின்மிதிவண்டி மீண்டும் இணங்கிப் போகிறது. கரையில் பூத்த பிரிம்ரோஸ் மலரும், வயல்வாயிலின் இடைவெளியில் திறக்கும் பள்ளத்தாக்கும் அந்த வேகத்தில்தான் கண்ணில் படும். வண்டியை உருட்ட அறுபது வயதிலும் எழுபது வயதிலும் தசைவலுக் குறைவு தடையாக இருப்பதில்லை; குன்றின் கீழே பிறந்தும் அதன் மேலே உள்ள ஊரை மிதிவண்டியில் எட்டாதிருந்தவர்களுக்கு வழி திறந்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும், நகர எல்லைக்கு வெளியே உள்ள இந்த ஒற்றை அகலச் சாலைகளில் தனி அறிவிப்பு இல்லாவிடில் மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வரை கார் ஓட்டச் சட்டம் இடமளிக்கிறது. நடப்போரும் குதிரையேறுவோரும் மிதிவண்டிக்காரரும் கார்களோடு பகிர்ந்துகொள்ளும் ‘அமைதிச் சாலை’களை அறிவிக்க 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் உள்ளூர் நிர்வாகங்களுக்கு அதிகாரம் அளித்துள்ளது. அந்த அதிகாரம் பரவலாகப் பயன்படுத்தப்பட வேண்டும். நடையின் வேகத்துக்கு அமைந்த சாலையை அகலப்படுத்தி வேகத்துக்கு இரையாக்குவது, ஆயிரம் ஆண்டு உழைப்பின் சான்றை அழிப்பதாகும். வாகனத்தின் வேகத்தைச் சாலைக்கேற்பக் குறைப்பதோ, ஒரு பலகையும் ஒரு விதியும் கொண்டு செய்து முடிக்கக்கூடிய எளிய காரியம்.