பசுமைக்குடில் வெள்ளரியின் வரலாறு

பசுமைக்குடிலின் வரலாற்றை உரோமைப் பேரரசர் திபேரியுசிடமிருந்து (ஆட்சி: கி.பி. 14–37) தொடங்குவது வழக்கம். அவர் நாள்தோறும் வெள்ளரி உண்ண விரும்பினார் என்றும், சக்கரம் பொருத்திய பாத்திகளில் கொடிகளை வளர்த்து வெயிலில் உருட்டிச் சென்றனர் என்றும், குளிர்காலத்தில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடிக் காத்தனர் என்றும் பல நூல்களில் காணலாம். கொலுமெல்லா, மூத்த பிளினி ஆகிய இரு உரோமை ஆசிரியர்களின் குறிப்புகளே இதற்கு அடிப்படை.

தோட்டம் உண்மைதான். காய்தான் ஐயத்துக்குரியது. 2007இல் ஜூல்ஸ் ஜானிக், ஹாரி பாரிஸ் முதலிய ஆய்வாளர்கள் பழைய ஓவியங்களையும் நூல்களையும் ஒப்பிட்டு, உரோமையர் 'குக்குமிஸ்' என்றது வெள்ளரியை அன்று, முலாம்பழ இனத்தைச் சேர்ந்த நீண்ட காய் ஒன்றையே என்று காட்டினர். வட இந்தியாவில் 'கக்டி' என விற்கப்படுவது இவ்வகையே. அதன் பிஞ்சில் மெல்லிய மயிர் இருக்கும். அதைத் துடைத்து எடுப்பது பற்றிப் பழைய யூத நூல்கள் பேசுகின்றன. வெள்ளரியின் தாயகம் இந்தியா. அது ஐரோப்பாவை அடைந்தது உரோமைப் பேரரசின் உச்சகாலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் கொண்டதால் வந்த குழப்பம் இது. பாடநூல்களில் இன்னும் இது திருத்தப்படாதது வருத்தத்துக்குரியது.

உண்மையான வெள்ளரி கண்ணாடிக்குள் செழித்தது இங்கிலாந்தில். 1845இல் அங்கே கண்ணாடி வரி நீக்கப்பட்டதும் குடில் கட்டும் செலவு குறைந்தது. இரயில் எஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீவன்சன் தம் இறுதிக் காலத்தில் செஸ்டர்ஃபீல்டு அருகிலுள்ள டாப்டன் மாளிகையில் வெள்ளரி வளர்த்தார். காய் வளைவதைப் பொறுக்காமல் கண்ணாடிக் குழாய்கள் செய்வித்து, பிஞ்சை அவற்றுக்குள் நுழைத்து நேராக வளரச் செய்தார். எஞ்சினியர் புத்தி தோட்டத்திலும் விடவில்லை!

அந்நூற்றாண்டில் புகழ்பெற்ற 'டெலிகிராப்' என்ற நீண்ட வகை, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதையற்ற காய் தரும். தேனீ உள்ளே வந்து சேர்க்கை நடந்துவிட்டால் விதை உண்டாகி, காயின் நுனி பருத்து உருக்குலையும், கசப்பதும் உண்டு. ஆகவே தோட்டக்காரர்கள் ஆண் பூக்களை நாள்தோறும் கிள்ளி எறிந்தனர். 20ஆம் நூற்றாண்டில் பெண் பூக்களை மட்டுமே பூக்கும் கலப்பினங்கள் வந்தபின் அவ்வேலை பெரும்பாலும் ஒழிந்தது. இஸ்ரேலின் 'பெத் ஆல்ஃபா' வழிவந்த, மெல்லிய தோலுடைய குட்டை வகைகள் இப்போது பல நாட்டுக் குடில்களில் வளர்க்கப்படுகின்றன. விதையற்ற வகைகளை வளர்க்கும் குடில்களில் தேனீ நுழையாதபடி சன்னல்களுக்கு வலை கட்டுவதும் உண்டு.