க்விட் என்றால் வெளியேறு மட்டும்தானா?

ஆகஸ்ட் வந்தால் இங்கே குகட்பள்ளியில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி ஜுரம் வந்துவிடும். பாயிண்ட்ஸ் கேட்டு என்னிடம் வருவார்கள். (காமர்ஸ்காரனிடம் சரித்திரமா என்று வீட்டில் சிரிப்பு!) இந்த வருடம் ஒரு பெண் கேட்டாள்: "அங்கிள், கம்ப்யூட்டர்ல வர்ற க்விட்டும் க்விட் இந்தியாவும் ஒண்ணா?"

ஒன்றுதான். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் எங்கள் ஏரியா, அதாவது கணக்குப் புத்தகம். லத்தீனில் 'க்வியெட்டஸ்' என்றால் அமைதியானது, தொல்லை இல்லாதது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கடனிலிருந்து விடுபட்டவன் என்று பொருள். இடத்தை விட்டுப் போவது என்ற அர்த்தம் அப்புறம் சேர்ந்ததுதான். 'க்வயட்', 'அக்விட்' எல்லாம் கூடப்பிறந்தவை. சம்பளம் வாங்கிக் கையெழுத்துப் போடும் அக்விட்டன்ஸ் ரோலும் அதே குடும்பம். அந்த மாதக் கணக்கு தீர்ந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 1882 சொத்து மாற்றச் சட்டம் 106-ஆம் பிரிவின் 'நோட்டீஸ் டு க்விட்': வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மாத வாடகைக்கு 15 நாள்.

1942 ஆகஸ்ட் 8, பம்பாய் கோவாலியா டேங்க் மைதானம். கோஷத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர் யூசுப் மெஹரலி என்பார்கள். ராஜாஜி 'ரிட்ரீட்', 'வித்ட்ரா' என்று யோசனை சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. அவரோ இந்த விஷயத்தில் ஒத்துப்போகாமல் ஜூலையிலேயே காங்கிரஸை க்விட் செய்துவிட்டார்!

சரி, வெள்ளைக்காரன் போனான். கணக்குத் தீர்த்தானா? பேச்சுப்போட்டியில் யாரும் சொல்லாத பகுதி இதுதான்.

போருக்காக பிரிட்டன் இங்கே சரக்கு வாங்கியது, செலவு செய்தது. பணம் கையில் வரவில்லை. லண்டனில் ரிசர்வ் வங்கி கணக்கில் பவுண்டாக வரவு வைத்தார்கள். அதைக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். விலைவாசி ஏறியது. 1943-இல் வங்காளம் பட்டினியில் செத்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம். போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. பழைய கடன்காரன் கடன் கொடுத்தவனாகிவிட்டான்! இந்தியாவைக் காத்ததற்கு எதிர்க்கணக்கு எழுத வேண்டும் என்பது சர்ச்சிலின் ஆசை. நல்லவேளை, அது நடக்கவில்லை.

1947 ஆகஸ்ட் 14 ஒப்பந்தத்தில் பணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 1-ஆம் நம்பர் கணக்கில் எடுக்கலாம், 2-ஆம் நம்பர் முடக்கம். பெரும்பகுதி இரண்டாவதில்தான் கிடந்தது. சுதந்திரத்துக்கு முதல் நாள் இந்தக் கையெழுத்து, பாருங்கள்.

1948 ஜூலையில் மறுபடி பேசினார்கள். அவர்கள் விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு விலை 10 கோடி பவுண்டு, நம் கணக்கிலிருந்தே கழிவு. ஊருக்குப் போன வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்கும் அதிலிருந்தே மொத்தமாக எடுத்து வைத்தார்கள். பென்ஷன் கொடுக்க வேண்டியது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் நாம் விலை கொடுத்து வாங்கிய தளவாடம் யாருக்காகச் சண்டை போட வந்தது என்பதை யோசித்தால் கொஞ்சம் எரிச்சல் வரும்.

மிச்சமிருந்ததும் முழுசாக நிற்கவில்லை. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 ஆகக் குறைத்தார்கள். டாலரில் பார்த்தால் நம் பாக்கியில் சுமார் 30 சதவீதம் ஒரே நாளில் காணாமல் போனது.