குவேனியின் பழியும் கண்டிய நடனத்தின் பிறப்பும்

கண்டிய நடனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடல் கடந்து தென்னிந்தியாவிலிருந்து வந்தது என்ற பதில் நம்மவரிடையே ஆயத்தமாக இருக்கிறது. அந்நடனத்தின் தாய்ச் சடங்காகிய கொஹொம்ப கங்காரியவின் தோற்றக்கதையே இதற்குச் சான்றாகக் காட்டப்படும். கதையில் கடல் கடந்து வந்த மன்னன் ஒருவன் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கலை குடிபெயர்ந்த வரலாறாக அக்கதையைப் படிப்பது பிழை. ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதி எவ்வாறு நோயாகத் திரும்பியது, அந்நோய் எவ்வாறு ஆடித் தீர்க்கப்பட்டது என்பதே அதன் பொருள் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இலங்கையின் முதல் மன்னனாகச் சொல்லப்படும் விஜயனுக்கு நாட்டைப் பெற்றுத் தந்தவள் இயக்கர் குலப் பெண்ணான குவேனி; அவளை அவன் துரத்திவிடுகிறான். அவள் சிறுத்தை வடிவெடுத்துப் பழிதீர்க்க வந்தாள் என்பர். அந்தப் பழி விஜயனோடு ஒழியாமல் அரியணையைத் தொடர்கிறது. அவனுக்குப் பின் ஆண்ட பாண்டுவாசுதேவன் கனவில் சிறுத்தையைக் கண்டு நோயில் விழுகிறான். சிங்கள மரபு இதைத் ‘திவி தோஷம்’ என்கிறது. பெண் வயிற்றில் பிறவாமல் பூவில் பிறந்த மலய மன்னன் ஒருவனால் மட்டுமே அது தீரும். அவனை வரவழைக்க ராகு பன்றியாகி அவனது பூந்தோட்டத்தை அழிக்க, துரத்திக்கொண்டே அவன் இலங்கைக்கு வந்து சேர்கிறான். பன்றி ஹந்தானை மலையில் கல்லாகிறது. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னே எழுந்து நிற்கும் அதே மலைத்தொடர்தான்.

மகாவம்சத்தில் இந்த நோயும் இல்லை, சிறுத்தையும் இல்லை. அங்கே குவேனி தன் இனத்தவர் கையாலேயே கொல்லப்படுகிறாள். அரசர் வரிசையை அவள் பழி தொடர்வதில்லை. அவளுடைய பழியைக் கணக்கில் வைத்தது ராஜாவலிய போன்ற பிற்கால நூல்களும் சடங்குப் பாடல்களுமே. ஆனால் குவேனி ஏன் துரத்தப்பட்டாள் என்பதை மகாவம்சமே சொல்கிறது: மதுரையிலிருந்து பாண்டியன் மகள் மணப்பெண்ணாக வருகிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் தென்னிந்தியா கதையின் இரு முனையிலும் நிற்பது தெரியும். அநீதிக்குக் காரணமானவளும் கடல் கடந்து வந்தவள், நோயைத் தீர்த்தவனும் கடல் கடந்து வந்தவன். மருந்தை மட்டும் நம் பங்காக எடுத்துக்கொண்டு காயத்தை மறப்பது ஆய்வுக்கு அழகல்ல.

இத்தாலியின் தெற்குக் கோடியிலும் இதற்கு நெருக்கமான ஒரு நடனம் உண்டு. தரந்தோ நகரின் பெயரோடு சேர்ந்த தரந்தெல்லா அது. சிலந்தி கடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள், பெரும்பாலும் ஏழை உழவர் வீட்டுப் பெண்கள், இசைக்கேற்ப ஓய்ந்து விழும்வரை ஆடிக் குணமடைந்தார்கள். அத்தனாசியுஸ் கிர்கர் 1641-இலேயே அந்த ‘நஞ்சுமுறி’ இசையைக் குறித்து வைத்தார். 1959-இல் சலெந்தோவில் களஆய்வு செய்த எர்னெஸ்தோ தெ மார்த்தினோ, சிலந்தியின் நஞ்சைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது என்று கண்டார். வெளியே சொல்ல வழியில்லாத துயரம் ஆண்டுதோறும் உடலில் திரும்பி வருகிறது என்றார். கண்டிக் கதையின் சிறுத்தையை நான் அந்தச் சிலந்தியின் இடத்தில் வைத்தே பார்க்கிறேன். ஒரு வேறுபாடு பெரியது. அங்கே துயருற்றவளே ஆடுகிறாள். இங்கே துயருற்றவள் கதைக்குள் இருக்க, அவளுக்காக ஆடியவர்கள் பரம்பரையாக ஆண்கள்.

கங்காரிய இரவு முழுதும் நீளும் சடங்கு. வெள்ளித் தகடுகள் சரிந்து தொங்கும் வெஸ் தலையணியை நல்ல நேரம் பார்த்து, முறையாகத் தீட்சை பெற்றவரே சூடலாம். கெட்ட பெரய என்னும் மத்தளத்தின் தாளம் ஏற ஏற ஆட்டம் உக்கிரமாகும். நடுநடுவே கேலிப் பேச்சும் சிறு நாடகங்களும் வரும். பன்றி உருவம் செய்து, வேட்டையாடி, பங்கு போடும் காட்சியில் ராகுவின் பன்றி ஊராரைச் சிரிக்க வைக்கிறது. எதிரிவீர சரச்சந்திர இத்தகைய பகுதிகளில் நாடகத்தின் வித்தைக் கண்டார். எனக்கோ அதில் இன்னொன்றும் தெரிகிறது: அச்சம் தீர்ந்துவிட்டது என்பதை ஊர் தனக்குத்தானே உறுதி செய்துகொள்ளும் வழி அது.

இந்த ஆட்டம் சடங்கை விட்டு வெளியேறிய காலம் நமக்கு அண்மையானது. 1880-களில் கார்ல் ஹாகன்பெக்கின் காட்சிக் குழுக்களோடு கண்டிக் கலைஞர்கள் ஐரோப்பா போனார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் வெஸ் ஆட்டக்காரர் தலதா பெரஹராவில் இடம்பெற்றனர். பின்னர் நித்தவெல குணயா போன்றோரின் புகழும் சித்திரசேனவின் மேடையும் அதைத் தேசிய அடையாளமாக்கின. ஆட்டத்தின் அடவும் அணியும் மேடையேறின. குவேனி ஏறவில்லை. ஊர்வலத்துக்கும் வரவேற்பு விழாவுக்கும் நோயாளி தேவையில்லை. நோயாளி இல்லாத இடத்தில் பழிக்கும் வேலையில்லை.

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழரிடையே மாசி மாதம் காமன் கூத்து நடக்கிறது. எரிந்துபோன மதனுக்காக ரதி புலம்புவது அதன் உச்சம். அங்கும் ஒரு பெண்ணின் முறையீட்டைச் சுற்றியே ஊர் கூடி விடியவிடிய ஆடுகிறது. ஒரே மலைநாட்டில், சில மைல் தொலைவில், இரு மொழிகளில் நிகழும் இவ்விரு சடங்குகளையும் அருகருகே வைத்து ஆராய்வது, எது எங்கிருந்து வந்தது என்று வழக்காடுவதைவிடப் பயன் தரும். அந்த ஒப்பாய்வைத் தொடங்குவதற்குச் சிங்களச் சடங்குப் பாடல்களை மூலத்திலேயே படிக்கும் தமிழ் ஆய்வாளர்கள் முதலில் தேவை.