காட்சித்தொட்டியில் பெரும் வெள்ளைச் சுறா: 1955 முதல் 2016 வரையிலான முயற்சிகள் குறித்த வரலாற்று ஆய்வு

முன்னுரை

எட்டு மீட்டருக்கும் மேல் வளரும் திமிங்கலச் சுறாவை ஒக்கினாவா, அட்லாண்டா மீன்காட்சியகங்கள் ஆண்டுக்கணக்கில் வளர்த்திருக்கின்றன. அதைவிடச் சிறிய பெரும் வெள்ளைச் சுறாவை ஓராண்டுகூட வைத்திருக்க எந்தக் காட்சியகத்தாலும் இயலவில்லை. இச்சுறா தொட்டியில் வாழாததற்கு அதன் பருமன் மட்டும் காரணமில்லை என்பது இந்த ஒப்பீட்டிலிருந்தே தெளிவாகிறது. 1955 முதல் நடந்த முயற்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தொட்டியைப் பெரிதாக்கியது மட்டும் பயன் தரவில்லை என்பதும், எந்த வயதுச் சுறாவை எடுப்பது, எப்போது திருப்பி விடுவது என்று கற்றுக்கொண்டதே முன்னேற்றம் தந்தது என்பதும் விளங்கும். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

உடலமைப்பு விதிக்கும் எல்லைகள்

பெரும் வெள்ளைச் சுறா ஓயாமல் நீந்தவேண்டிய மீன். முன்னோக்கி நீந்தும்போது வாய்வழி புகும் நீர் செவுள்களைக் கடந்து செல்வதால்தான் அது மூச்சுவிடுகிறது. வலையில் சிக்கி அசையாமல் கிடந்தால் மூச்சுத் திணறும். சுற்றியுள்ள நீரைவிட உடலின் சில பகுதிகளைச் சூடாக வைத்துக்கொள்வதால் அதற்கு ஆற்றலும் அதிகம் தேவை. மூக்குப் பகுதியிலுள்ள லோரென்சினி உறுப்புகள் மிக நுண்ணிய மின்புலத்தையும் உணர்கின்றன.

அதன் வாழிடப் பரப்பும் வியப்பூட்டுவது. 2003இன் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் அடையாளக் கருவி பொருத்தப்பட்ட நிக்கோல் என்னும் பெண் சுறா, ஆஸ்திரேலியாவுக்குச் சென்று 2004இல் திரும்பியது. ஒன்பது மாதத்துக்குள் அது கடந்த தொலைவு 20,000 கிலோமீட்டருக்கும் மேல்.

முதல் கட்டம்: பிடித்ததும் தொட்டிக்கு

1955இல் கலிஃபோர்னியாவின் மரைன்லேண்ட் ஆஃப் தி பசிபிக் காட்சியகம் செய்த முயற்சி ஒரு நாளைக்குள் முடிந்துபோனது. 1975இல் ‘ஜாஸ்’ திரைப்படம் வெளிவந்த பிறகு இச்சுறாவைப் பற்றிய அச்சமும் ஆர்வமும் ஒருசேரப் பெருகின. 1980 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்துக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளப் பெண் சுறா ஒன்று வந்தது. ‘சாண்டி’ என்று பெயரிடப்பட்ட அதைக் காண ஏறத்தாழ 40,000 பேர் திரண்டனர். ஆனால் அது வட்டத்தொட்டியின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதியது. அவ்விடத்தில் மிகச் சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தது ஆராய்ந்தபோது தெரிந்தது. இயக்குநர் ஜான் மெக்காஸ்கரின் குழு சில நாள்களிலேயே அதை ஃபேரலோன் தீவுகளருகே கடலில் விட்டது.

1981இல் சான் டியேகோவின் சீவேர்ல்ட் 16 நாள்கள் ஒரு சுறாவை வைத்திருந்து விடுவித்தது. 1984இல் கலிஃபோர்னியாவின் மான்டரே பே காட்சியகத்துக்கு வந்த சுறா இரையைத் தொடாமலே 11ஆம் நாள் இறந்தது. இக்கட்டத்தின் முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்றுண்டு. பிடிபட்ட அதிர்ச்சியிலிருந்து சுறா தேறுவதற்கும், அது இரை எடுக்கிறதா என்று பார்ப்பதற்கும் தொட்டிக்கு முன்னால் இடைநிலை எதுவும் இருக்கவில்லை.

இரண்டாம் கட்டம்: கடலிலேயே காத்திருப்பு

மான்டரே பே 2002இல் தொடங்கிய திட்டம் இந்தக் குறையை நேரடியாக எதிர்கொண்டது. முதலாவதாக, முதிர்ந்த சுறாக்களை விட்டுவிட்டு, பிறந்து ஓராண்டுகூட ஆகாத குட்டிகள்மீது அது கவனம் செலுத்தியது. முதிர்ந்தவை கடல்நாய் போன்ற பாலூட்டிகளை வேட்டையாடும். குட்டிகளுக்கு மீனே முதன்மை உணவு என்பதால் தொட்டியில் அவற்றுக்குத் தீனி போடுவது எளிது. தென்கலிஃபோர்னியக் கரையோரம் இக்குட்டிகள் வளரும் பகுதி. 1994 முதல் அங்கு இவ்வினத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் மீனவர்களின் செவுள்வலைகளில் குட்டிகள் தவறிச் சிக்குவதுண்டு. இரண்டாவதாக, மாலிபு கடலில் ஏறத்தாழ 40 மீட்டர் விட்டமுள்ள வலைக்கூண்டு அமைக்கப்பட்டது. அங்கே நன்றாக நீந்தி, இரையும் எடுத்த குட்டி மட்டுமே நகரும் தொட்டியில் ஏற்றப்பட்டு மான்டரேக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

2004 செப்டம்பரில் சுமார் 38 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டிக்குள் வந்த பெண் குட்டி 198 நாள்கள் அங்கே வாழ்ந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அதைக் கண்டனர். 28 கிலோவாக வந்த அது 73 கிலோவாக வளர்ந்தது. உடனிருந்த சூப்ஃபின் சுறாக்கள் இரண்டைக் கொன்றபின், 2005 மார்ச் 31 அன்று அடையாளக் கருவியுடன் கடலில் விடப்பட்டது. தொடர்ந்து வந்த இரு சுறாக்கள் முறையே 137, 162 நாள்கள் இருந்தன. 2008இல் வந்தது சரியாக இரை எடுக்காததால் 11ஆம் நாளே விடுவிக்கப்பட்டது. 1984இலும் 11 நாள்தான். அன்று அந்தக் காத்திருப்பு இறப்பில் முடிந்தது, இம்முறை முடிவை முன்கூட்டியே எடுத்ததால் சுறா உயிருடன் கடலுக்குத் திரும்பியது.

மூன்றாம் கட்டம்: எல்லை வெளிப்படல்

2011 ஆகஸ்டில் மான்டரேக்கு வந்த சுறா 55 நாள்கள் இருந்தது. விடுவிக்கப்பட்ட சிறிது நேரத்தில் இறந்துவிட்டதை அதன்மீதிருந்த கருவியே காட்டிக்கொடுத்தது. அதற்குப்பின் மான்டரே வேறெந்த வெள்ளைச் சுறாவையும் காட்சிக்குக் கொண்டுவரவில்லை. 2016 ஜனவரியில் ஒக்கினாவாவின் சுராவுமி காட்சியகம், யோமிதான் கடலில் வலையில் சிக்கிய 3.5 மீட்டர் ஆண் சுறாவைத் தொட்டியில் விட்டது. மூன்றாம் நாளே அது இறந்தது. மான்டரேயின் இரு தேர்வுகளான குட்டிப்பருவமும் கடற்கூண்டுக் காத்திருப்பும் இங்கு இல்லை.

முடிவுரை

மூன்று கட்டங்களிலும் வெற்றியை அளக்கும் அளவுகோல் மாறியிருக்கிறது. முதலில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்பதே கேள்வி. மான்டரே அதோடு, சுறா உண்கிறதா, எந்த அறிகுறி கண்டால் விடுவிப்பது என்ற கேள்விகளையும் சேர்த்தது. விடுவித்த பிறகும் பின்தொடர்ந்த கருவிகள், அது கடலில் பிழைத்ததா என்ற கடைசிக் கேள்வியை எழுப்பின. அந்தக் கேள்விக்கு 2011இல் கிடைத்த விடை, 198 நாள்களின் சாதனையையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. பெரும் வெள்ளைச் சுறாவை அறிவதற்குக் காட்சித்தொட்டி உதவியது உண்மை. ஆனால் அதனால் விளைந்த மிகப் பயனுள்ள அறிவுகளுள் ஒன்று, இவ்வினத்தைத் தொட்டியில் நிலையாக வைத்திருக்க முடியாது என்பதே.