கபாலத்தை எங்கே வச்சேன்?

இன்னைக்கு எபிசோட் காஞ்சிபுரத்துல ஆரம்பிக்குது. பட்டும் கோயிலும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நான் சொல்லப்போறது அந்த ஊர்க் குடிகாரர் ஒருத்தரோட கதை. 1,400 வருஷப் பழசு.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான். கதை நடக்கிற இடமும் காஞ்சிதான். சத்தியசோமன் என்கிற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் நல்ல போதையில தெருத்தெருவா சுத்துறாங்க. முதல்ல அவள் பேரையே மாத்திக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கிறான். அப்புறம் பிச்சை வாங்குற கபாலம் காணோம். எங்கே வச்சோம்னு நினைவே இல்லை. வழியில வந்த பௌத்த பிக்கு மேல திருட்டுப் பழியைப் போடுறான். கடைசியில பார்த்தா, அதைத் தூக்கிட்டுப் போனது ஒரு நாய்.

படிக்கிறப்ப சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. எங்க சித்தப்பா விஷயம் நடக்கிற வரைக்கும்.

சித்தப்பா பிள்ளையார்பாளையத்துல தறி நெய்யுறவர். குழித்தறியில காலைத் தொங்கப்போட்டு, நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை. ராத்திரி இடுப்பு வலி, அதோட கடன் கவலை. ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம்னு ஆச்சு. அப்புறம் அதுவும் பத்தலை. எப்பவோ டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரைச் சீட்டு வீட்டுல இருந்தது. அதைக் காட்டியே ஒரு கடையில திரும்பத் திரும்ப வாங்கினார். குடிச்சிட்டு ஒண்ணு போடுவார். தூக்கம் வரலையேன்னு இன்னொண்ணு. ஏற்கெனவே போட்டது நினைவிருக்காது. அங்கதான் எனக்கு அந்தக் கபாலம் ஞாபகம் வந்தது.

மதுவும் சரி, பெரும்பாலான தூக்க மாத்திரைகளும் சரி, புது நினைவுகள் பதிவாகிறதைத் தடுக்கும். ஆள் பேசுவார், நடப்பார், மாத்திரை அட்டையைப் பிரிப்பார். மூளை மட்டும் எதையும் எழுதி வைக்காது. சத்தியசோமன் தொலைச்சது ஒரு பாத்திரம். சித்தப்பா தொலைச்சது எத்தனை மாத்திரை போட்டோம் என்கிற கணக்கு.

இப்ப மாத்திரையோட வரலாற்றுக்கு வருவோம். 1869-ல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைஷ், குளோரல் ஹைட்ரேட் தூக்கம் வரவைக்கும் என்று கண்டுபிடித்தார். ஆய்வகத்தில் தயாரான முதல் தூக்க மருந்து அதுதான். 1903-ல் பார்பிடால் வந்தது, அதைத் தொடர்ந்து ஒரு பார்பிசுரேட் குடும்பமே வந்தது. அதுல சிகிச்சை அளவுக்கும் உயிரை எடுக்கிற அளவுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால 1960-ல் லிப்ரியமும் 1963-ல் வேலியம் என்கிற டயஸிபாமும் வந்தப்ப, பாதுகாப்பான மருந்து கிடைச்சிடுச்சுன்னு உலகமே நிம்மதியாச்சு. தனியா எடுத்தா, பழைய மருந்தைவிட அது பாதுகாப்பானதுதான். மது கூடச் சேர்ந்தா அந்தக் கணக்கு மாறிடும்.

1975-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயசுப் பெண், ஒரு பார்ட்டியில கொஞ்சம் குடித்தார். டயஸிபாமும் எடுத்திருந்தார். படுக்க வச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தப்ப மூச்சு இல்லை. உயிரைக் காப்பாத்தினாங்க, ஆனா 1985-ல் இறக்கும்வரை அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. சுவாசக் கருவியை எடுக்கலாமா என்று பெற்றோர் நடத்திய வழக்கு சட்டப் புத்தகங்கள்ல நிலைச்சிடுச்சு. அந்த ராத்திரி என்ன நடந்ததுங்கிறது அடிக்குறிப்பாப் போயிடுச்சு.

ஏன் இப்படி ஆகுது? மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கு. அதை பிரேக் மாதிரி நினைச்சுக்கோங்க. மதுவும் இந்த மாத்திரைகளும் அதே பிரேக்கைத்தான் அழுத்துது. ரெண்டு காலும் ஒரே பிரேக்குல. மூச்சை நடத்துற மூளைத்தண்டுப் பகுதியும் மந்தமாகும். நாக்கு பின்னால சரியும், வாந்தி வந்தா இரும முடியாது. 'குடிச்சு நாலு மணி நேரம் ஆச்சே' என்பதும் உதவாது. டயஸிபாமின் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல ஆகலாம்.

நம்ம ஊர்ல மதுவோட வரலாறுன்னா அது அரசியல் வரலாறு. 1937-ல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு. முதல்வரான பிறகும் அதைத் தளர்த்தாத, காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா. 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி தடை, 1981-ல் மறுபடி தளர்வு, 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். மாத்திரைக்குத் தனி வரலாறு. 2014 மார்ச்சிலிருந்து அல்பிரசோலம், டயஸிபாம், ஸோல்பிடம் எல்லாம் எச்1 பட்டியலில் இருக்கு. டாக்டர் சீட்டு வேணும், கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். இந்த ரெண்டு வரலாறும் ஏட்டுல சந்திக்கிறதே இல்லை. சந்திக்கிற இடம் ஒரு மனுஷனோட உடம்பு.

தெலங்கானாவுல அது கள்ளுப் பானையிலயே சந்திச்சது. அங்க கள்ளில் குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்பிரசோலம் கலந்து விற்றிருக்காங்க. அதிகாரிகள் ரெய்டு நடத்தி அதை நிறுத்தினப்ப, குடிச்சுப் பழகினவங்க வலிப்போடும் பிதற்றலோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. ரெண்டுலயும் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா அதையும் தாங்காது.

சித்தப்பாவைக் காப்பாத்தினது சித்தியோட காதுதான். வழக்கமான குறட்டை இல்லை. இழுத்து இழுத்து, நடுவுல நின்னு நின்னு வந்த சத்தம். எழுப்பினாங்க, எழலை. "குடிச்சிருக்காரு, தூங்கட்டும் விடுங்க"ன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. சித்தி கேட்கலை. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108-க்குப் போன் பண்ணச் சொன்னாங்க. வர்ற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. காலியான அட்டையையும் ஞாபகமா கையில எடுத்துட்டுப் போனாங்க. டாக்டர் முதல்ல கேட்டது அதைத்தான்.

இப்ப அவர் மருத்துவமனை மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, ரெண்டையும் விட்டுட்டார். தூக்கம் இன்னும் சரியா வர்றதில்லை. சில ராத்திரி எனக்குப் போன் பண்ணுவார். நான் எடுத்துப் பேசுவேன்.

உங்களுக்கோ உங்க ஃப்ரெண்டுக்கோ இந்தப் பழக்கம் இருந்தா, நீங்களாத் திடீர்னு நிறுத்திடாதீங்க. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்க, இல்லைன்னா 14416, டெலி மானஸ் நம்பருக்குக் கூப்பிடுங்க. பார்ட்டி முடிஞ்சு ஒருத்தர் எழுப்பியும் எழலைன்னா, 'தூங்கட்டும்'னு விட்டுட்டு வராதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.