பொடியனா, பெடியனா?

வெருகலாற்றின் வடபுறத்தில், ஈச்சிலம்பற்றில், ‘பொடியன்’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அதுவே ‘பெடியன்’. பன்மையில் இங்கே பொடியன்மார், அங்கே பெடியள். சிறுவன், இளைஞன் என்பதுதான் வீட்டுப் பொருள். எழுபதுகளில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறியது: ஆயுதம் எடுத்தவர்கள். ஈழத்துப் பேச்சுத் தமிழில் இவ்வளவு பாரம் சுமந்த சொல் வேறு இருக்குமா தெரியவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதில் இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை.

பலரும் காட்டும் வேர் ‘பொடி’. தூள், துகள் என்ற பொருளிலிருந்து சிறியது என்ற பொருள் பிறந்து, சிறியவன் பொடியன் ஆனான் என்பது இந்த வாதம். தேவாரத்தில் பொடி என்றால் திருநீறு. பேச்சில் பொடிமீன், பொடிநடை. மலையாளத்திலும் பொடி உண்டு, கன்னடத்தில் புடி. சிங்களத்திலும் ‘பொடி’ என்றால் சின்னது என்பதால், சொல்லே அங்கிருந்து வந்தது என்று சொல்வோரும் உள்ளனர். திராவிட மொழிகளில் இவ்வளவு பரந்து கிடக்கும் ஒரு சொல்லை அப்படிச் சொல்வது கடினம். கடன் மறுபக்கமாகப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிக்கல் யாழ்ப்பாணத்து ‘பெ’யில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் பெட்டி பொட்டியாகும், பெண் பொண்ணாகும், பிள்ளை புள்ளையாகும். எ ஒ ஆவதுதான் வழமை. ஒ எ ஆவது அரிது. அப்படியானால் பெடியன்தான் மூத்த வடிவம், பொடியன் அதன் திரிபு என்று வாதிடலாம். அதற்கு வேராகப் பெட்டை, பெடை ஆகியவற்றைக் காட்டுவார்கள். ‘பெடி பெட்டையள்’ என்ற இணைச்சொல்லும் துணைக்கு வரும். ஆனால் பெடை என்பது பெண்பறவை. பெண்ணைக் குறிக்கும் வேரிலிருந்து ஆண்பிள்ளைக்குப் பெயர் வந்தது என்றால் அதற்கு வலுவான காரணம் வேண்டும்.

எனக்குப் பொருத்தமாகப் படுவது வேறொன்று. பெட்டியைப் பொட்டி என்பது பிழை என்று கருதும் யாழ்ப்பாண நாக்கு, பொடியனையும் அதே கணக்கில் ‘திருத்தி’யிருக்கலாம். பக்கத்திலேயே பெட்டை நின்றது அதற்கு வசதியாயிற்று. கிழக்கில் பெண்பிள்ளையைப் ‘பொடிச்சி’ என்பதும் பொடி என்ற வேருக்கே சாட்சி. பையன்தான் பெடியன் ஆனான் என்பது காதுக்கு இனிமையாக இருக்கலாம். நடுவில் அந்த ‘டி’ எப்படி நுழைந்தது என்று அதைச் சொல்பவர்கள் விளக்குவதில்லை.

அரசியல் பொருள் எப்போது ஏறியது என்பதிலும் இழுபறி உண்டு. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தலுக்கு எதிராகத் திரண்ட மாணவர்களைப் பெரியவர்கள் பெடியள் என்றார்கள். அதில் செல்லமும் இருந்தது, கொஞ்சம் இளப்பமும் இருந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தபின் அந்தச் சொல் ஒரு மறைப்பாகவும் உதவியது. ‘பொடியன்மார் வந்து போனவங்கள்’ என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அதை ஆங்கிலத்தில் ‘த போய்ஸ்’ என்று பெயர்த்தார்கள். அயர்லாந்திலும் ஆயுதம் எடுத்தவர்களை ஊரவர்கள் அப்படியே அழைத்தார்கள் என்பதால் அவர்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை.

1983க்குப் பின் எல்லா இயக்கத்தவரும் பெடியள்தான். 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த பிறகு சொல் பெரும்பாலும் புலிகளுக்கென்று ஒடுங்கியது. பெண்கள் திரளாகச் சேர்ந்தபோதும் அது ஆண்பாலாகவே நின்றது. சிறியவன் என்ற பொருள் இன்னொன்றையும் மூடியது: சொல்லப்பட்டவருக்கு வயது பதினைந்தா இருபத்தைந்தா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சொல் வெருகலாற்றில் உடைந்தது. 2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். ஏப்ரலில், பெரிய வெள்ளியன்று, வன்னித் தலைமையின் படையணிகள் ஆற்றைக் கடந்து தாக்கின. இரு கரையிலும் நின்றவர்கள் பொடியன்மார். யார் யாரைச் சுட்டது என்று சொல்வதற்கு அந்தச் சொல் போதவில்லை. ‘வன்னிப் பொடியன்மார்’, ‘கருணாட பொடியன்மார்’ என்று அடைமொழி தேவைப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் மாவிலாறு. ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கும் பிறகு மட்டக்களப்புக்கும் ஓடியது. திரும்பி வந்தபோது ஊரில் பொடியன்மார் இல்லை. அதன்பின் உத்தியோகபூர்வச் சொற்கள் வந்தன: முன்னாள் போராளி, புனர்வாழ்வளிக்கப்பட்டவர்.

இப்போது மாலையில் பந்து அடிக்கிறவர்கள்தான் பொடியன்மார்; பழைய பொருள் தெரியாத வயது அவர்களுக்கு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஏந்தி நிற்கும் படங்களில் இருப்பவர்களில் பலருக்கு இன்று நாற்பது தாண்டியிருக்கும். தாய்மாருக்கு அவர்கள் இன்னும் ‘என்ட பொடியன்’தான்.