எளிதிற் புலப்படுதல் (காப்புரிமைச் சட்டம்)

இயந்திரப் புதுப்புனைவொன்று முன்பு இல்லாததாயினும், அத்தொழிலிற் சாதாரணத் திறமையுடைய ஒருவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கக் கூடியதாயின், அதற்குக் காப்புரிமை மறுக்கப்படுதற்குரிய சட்டக் காரணம். உலோகத்துக்கும் மரத்துக்கும் பதிலாகக் களிமண்ணாலோ பீங்கானாலோ கதவுக் குமிழ் செய்தற்குப் பெற்ற உரிமை பற்றிய ஹாட்ச்கிஸ் வழக்கில், அது கைவினைஞனின் சாமர்த்தியமேயன்றிப் புனைவாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இல் தீர்ப்பளித்தது. இக்கொள்கை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவாயிற்று.

அப்பிரிவுக்கு விரிவான வியாக்கியானம் கிடைத்தது 1966இல், ஒரு கலப்பையின் நிமித்தமாக. கற்கள் மலிந்த நிலத்தில் உழும்போது கொழுவைத் தாங்கும் தண்டு முறியாமல் எழுந்து மீளும்படி வில் பொருத்திய பிணைப்பை அமைத்திருந்த கிரகாம் என்பவர், அப்பிணைப்பிலுள்ள தகட்டின் மேலிருந்த தண்டைக் கீழே மாற்றிப் பொருத்தி, அதனால் தண்டு தாராளமாக நெகிழ்வதாக வாதித்தார். நீதிமன்றமோ, முன்னைய கலையின் (அத்துறையில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தவற்றின்) பரப்பு, அதனின்று புனைவு வேறுபடும் அளவு, அத்துறையோரின் சாதாரணத் திறம் ஆகியவற்றை ஆராய்ந்து, அவ்விடமாற்றம் தொழிலறிந்தார்க்குத் தோன்றக்கூடியதே எனக் கண்டு உரிமையைச் செல்லாததாக்கியது. விற்பனை வெற்றி, நெடுநாள் தீராத தேவை, பிறர் முயன்று தோற்றமை ஆகியவற்றையும் கவனிக்கலாமென்று அது கூறியது மிகவும் போற்றத்தக்கது; விடை தெரிந்தபின் பின்னோக்கி நோக்கும் நீதிபதியை மயக்கத்தினின்று காப்பவை அவையே.

இந்தியாவில், பாத்திரங்களைக் கடைவதற்காகப் பற்றிக்கொள்ளும் சாதனம் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், அது வெறும் பட்டறைத் திருத்தமே என்று உச்ச நீதிமன்றம் 1978இல் முடிவு செய்தது.